முப்பத்தாறு கிலோ அரிசி

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி.
1994 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி.
விஷயம்: அரிசி மூட்டை இரண்டு.

அன்புள்ள வெள்ளியங்கிரி அண்ணனுக்கு,

நஞ்சுண்டன் வணக்கம். உங்கள் தம்பி சேனாபதியோடு காலேஜில் படித்து, இங்கேயும் அவனுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கும் நஞ்சுண்டன். உங்கள் வீட்டில் நான்கைந்து தடவை சாப்பிட்டிருக்கிறேன். லாரி ஷெட்டில் உங்கள் கட்டிலில் தூங்கியும் இருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? கட்டுப் பிரித்தார்களா? அழுதுகொண்டே இருந்தால் தையல் நிற்காது. டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இங்கே முந்தாநாள் மறுபடியும் பனி கொட்டியது. முழங்கால் உயரம். குழந்தை வான்மதிக்குச் சளி இருந்தது, இப்போது பரவாயில்லை. கலாவதிக்கு இருந்தது மனைவி விசா, சேனாபதியின் விசாவோடு ஒட்டியது. அவன் போனதும் அதுவும் போய்விட்டது, கிளம்பியே ஆகவேண்டும். மார்ச் 5 சனிக்கிழமை டிக்கெட். பம்பாய் வழியாகத் திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரில் இறங்குவார்கள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். எழுதுவதற்குக் காரணம் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கலாவதியிடம் பேசியபோது நான் அங்கேதான் இருந்தேன். உங்கள் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "நீ அந்த மூட்டைய எறக்காம இருந்திருந்தா என்ற தம்பி இருந்திருப்பான். சாம்பலையும் பாப்பாவையும் யாருகிட்டயாச்சும் குடுத்துடு. நீ பவானிக்கு வர வேண்டாம், உங்கப்பன் ஊட்டுக்குப் போயிக்கோ" என்றீர்கள். அவள் "சரிங்க மாமா" என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்தாள். அழவில்லை. குழந்தைக்குப் பால் காய்ச்சப் போய்விட்டாள்.

நீங்கள் சொன்னது தப்பு, அண்ணா. மரியாதைக் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, தப்பு தப்புதான். ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் வண்டி தெரிந்தவர் என்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

சேனாபதியின் கார் பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, நம் அம்பாசடர் மாதிரி. இந்த ஊரில் இப்போது பாதிப் பேர் முன்சக்கரம் இழுக்கிற வண்டிதான் வைத்திருக்கிறார்கள், பனிக்கு அதுதான் நல்லது. அதையே வாங்கச் சொல்லி நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். "முன்னால இழுக்கறது மாட்டு வண்டிடா. பின்னால இருந்து தள்ளறதுதான் வண்டி" என்றான். சரி, பின்சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமென்றால் டிக்கியில் பாரம் வேண்டும். இங்கே அதற்கு மணல் மூட்டை விற்பார்கள். நம் ஆட்கள் யார் மணலுக்குக் காசு கொடுப்பார்கள்? எடிசனில் நம் ஊர்க் கடையில் வாங்கிய அரிசி மூட்டையையே குளிர்காலம் முழுக்க டிக்கியில் போட்டுக்கொண்டு திரிவோம். மார்ச்சில் எடுத்துச் சமைப்போம். இரண்டு மூட்டை, ஒவ்வொன்றும் பதினெட்டுக் கிலோ.

ஜனவரி ஏழாம் தேதி சாயங்காலம் கலாவதி டிக்கியைத் திறந்து பார்த்தாள். பனியில் மிதித்த பூட்ஸ், மண்வெட்டி, ரோட்டில் தூவுகிற உப்பு, அதற்கெல்லாம் நடுவில் அரிசி. மூட்டையின் ஒரு மூலை நனைந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கல். செருப்புப் பட்ட அரிசியில் எப்படிப் பொங்கல் வைப்பது, மேலே கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கேட்டாள், அவ்வளவுதான். இறக்கியது சேனாபதி. இரண்டு தோளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, உங்கள் லோடுமேன்களைப் போல நடித்துக் காட்டியபடி மாடி ஏறினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகவே வண்டி காலி என்பது அவனுக்குத் தெரியும். லோடு சரியா என்று பார்ப்பது டிரைவர் பொறுப்பு, கிளீனர் தலையில் போடாதே என்று உங்கள் டிரைவர்களை நீங்கள் திட்டுவதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் "நான்தான் இறக்கிட்டேன்" என்று அவள் ஏன் சொன்னாள் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

மறுநாள் எட்டாம் தேதி காலை ஆபீசிலிருந்து போன், சிஸ்டம் படுத்துவிட்டது, இருவரும் வரவேண்டும் என்று. இரவெல்லாம் மழை பெய்து ரோட்டிலேயே உறைந்திருந்தது. பனியாவது வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும். இது கண்ணாடி மாதிரி, கீழே தார் தெரியும், ஈர ரோடு என்று நினைப்போம். அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். ஹைவேயிலிருந்து இறங்குகிற இடத்தில் ஒரு வளைவு. இருபத்தைந்து மைல் என்று போர்டு இருக்கும், நம் கணக்கில் நாற்பது கிலோமீட்டர். நான் முள்ளைப் பார்த்தேன். ஐம்பது மைல், அதாவது எண்பது. மெதுவாகப் போடா என்றேன். "கொல்லிமலையில அம்பாசடர் ஏத்துனவன்டா நான். நீ கணக்குப் போட்டுட்டே நடந்து வா, நஞ்சு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

வளைவில் பின்பக்கம் நழுவியது. நழுவினால் பிரேக்கைத் தொடக்கூடாது. காலை மெல்ல எடுத்து, வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். அவனுக்கும் தெரியும். ஆனால் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி சுழன்று அவன் பக்கத்துக் கதவு விளக்குக் கம்பத்தில் போய் மோதியது. எனக்கு நெற்றியில் ஒன்பது தையல். அவ்வளவுதான் எனக்கு.

அவன் கடைசியாக எதுவும் பேசவில்லை. பேசினான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலியும் தெரிந்திருக்காது. இது நான் உங்கள் ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, அவனைப் பார்த்த டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உடலை ஏன் ஊருக்கு அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பேப்பர் வேலை, இரண்டு வாரம் ஆகும் என்றெல்லாம் சொன்னோம். அது பாதி உண்மை. முகம் அம்மாவுக்குக் காட்டும்படி இல்லை, அண்ணா. முடிவெடுத்தவள் கலாவதி. அவள் பார்த்தாள். நீங்கள் யாரும் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

போலீஸ் கேட்டது, வேகத்தைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். ஊரிலிருந்து யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது கேட்காமலே சொல்கிறேன்.

ஆனாலும் மூட்டை இருந்திருந்தால் தப்பியிருப்பானோ என்று நீங்கள் கேட்பீர்கள். காலி லாரி மழையில் வாலை ஆட்டும், லோடு ஏற்றினால் ஒழுங்காக நிற்கும், இருபது வருஷமாகப் பார்க்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வாயால் பேசிப் பிரயோஜனமில்லை என்று நேற்று செய்தே பார்த்துவிட்டேன். ஆபீசில் ஸ்ரீநிவாசன் என்று ஒருவர், அவரிடமும் பின்சக்கர வண்டிதான். கேட்டு வாங்கினேன். மூடிக்கிடக்கிற ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடம், ஆள் நடமாட்டம் இல்லை, கம்பமும் பக்கத்தில் இல்லை. அதே இரண்டு மூட்டையையும் கொண்டுபோனேன்.

புதுப்பனியில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது, மூட்டை இல்லாமல் சக்கரம் சும்மா சுற்றியது, மூட்டையோடு கிளம்பிவிட்டது. இதில் நீங்கள் சொல்வது சரி. பிறகு உருகி உறைந்து கண்ணாடியாகக் கிடந்த மூலைக்குப் போனேன். பதினைந்து மைலில் திருப்பினால், மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி சொன்னபடி கேட்டது. முப்பதில் திருப்பிப் பிரேக்கைத் தொட்டால், மூட்டை இல்லாமலும் சுழன்றது, மூட்டையோடும் சுழன்றது. மூட்டையோடு இன்னும் அதிகமாகச் சுழன்றது. கயிற்று நுனியில் கல்லைக் கட்டிச் சுற்றுகிற கதை, நுனியில் பாரம் கூடினால் இழுப்பும் கூடும். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்தேன், மாறவில்லை. நானோ முப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவன் ஐம்பதில் போனான். ஆயிரத்து முந்நூறு கிலோ வண்டிக்கு முப்பத்தாறு கிலோ அரிசி என்பது ஒரு ஆள்கூட இல்லை. என் எடையே அதற்கு மேல், நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

வேகம்தான், அண்ணா. வேறு எதுவும் இல்லை.

நேற்று சாயங்காலம் மூட்டைகளை மறுபடி மாடியில் வைக்கப் போனபோது கலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நான் அந்த அளவுக்கு முட்டாள். அவளுக்கு வேகம் முன்பே தெரியும், போலீஸ் பேப்பரில் படித்திருக்கிறாள். உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றதும்தான் பதறினாள்.

"வேகமாப் போனாருன்னு மட்டும் பெரிய மாமாவுக்கு எழுதிராதீங்கண்ணா. அவருக்கு வண்டி கத்துக் குடுத்ததே மாமாதான். தம்பி கைத்தப்புன்னு தெரிஞ்சா, நாம கத்துக் குடுத்தது தப்போன்னு நெனைச்சே மாமா ஒடைஞ்சு போயிருவாங்க. என்னையத் திட்டுனா திட்டீட்டுப் போகட்டும்."

இதுதான் நான் கடைசியில் வருகிறேன் என்று சொன்னது. நீங்கள் யாரை பவானிக்கு வரவேண்டாம் என்கிறீர்களோ, அவள் ஒரு மாதமாக உங்களுக்காக அந்த மூட்டையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அந்த அரிசியை இன்றுவரை அவள் தொடவில்லை. கதவோரம் சாத்தி வைத்திருக்கிறது. வான்மதி அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங் பிடிக்கிறாள். பார்த்தும் பார்க்காததுபோல் இவள் உள்ளே போய்விடுகிறாள்.

நீங்கள் கற்றுக்கொடுத்ததில் தப்பில்லை. கொல்லிமலையில் ஐஸ் கிடையாது. இல்லாத ஒன்றை நீங்கள் எப்படிக் கற்றுக்கொடுத்திருக்க முடியும்? அவன் நல்ல டிரைவர். ஒரு காலையில், ஒரு வளைவில் அவசரப்பட்டான். அவ்வளவையும் அவன் கணக்கிலேயே வையுங்கள். அவன் மேல் எனக்கும் கோபம்தான், இன்னும் தீரவில்லை. உங்களுக்கும் வரட்டும். அதை அவளிடம் காட்டாதீர்கள்.

விமானக் கம்பெனி அஸ்தியின் எடையைக் கேட்டது. நிறுத்துச் சொன்னேன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குமேல் இதைப்பற்றி என்னால் எழுத முடியவில்லை. அதை யாரிடமும் கொடுத்தனுப்ப அவள் சம்மதிக்கவில்லை, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். இன்னொரு பக்கம் குழந்தை. கோயம்புத்தூரில் இறங்கும்போது அவளுக்கு மூன்றாவது கை இருக்காது. பெட்டியை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். டிரைவரை அனுப்பாதீர்கள், அண்ணா. நீங்களே ஓட்டிக்கொண்டு வாருங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு பவானிக்குப் போங்கள். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை இதைத் தபாலில் சேர்ப்பேன். எழுதியதைக் கலாவதியிடம் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லவேண்டாம், வேகம் தெரியாதவராகவே அவளிடம் இருந்துவிடுங்கள்.

2. ஒரு மூட்டையைப் பிரிட்ஜ்வாட்டர் கோயில் மடப்பள்ளியில் கொடுப்பேன். இன்னொன்றைப் பிரித்து, அவள் கிளம்புவதற்கு முன் ஒரு வேளை நானே சோறு வடிப்பேன். அவள் சாப்பிட்டால் நல்லது. இல்லாவிட்டால் அவள் கண்முன் நான் சாப்பிடுவேன்.

3. மார்ச் 5 அன்று ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டுவேன். ஸ்ரீநிவாசனின் அதே பின்சக்கர வண்டி. இருபத்தைந்து என்று போட்ட இடத்தில் இருபதில் போவேன்.

4. மார்ச் 7 காலை, உங்கள் நேரம் பத்து மணிக்கு மேல், பவானி வீட்டு நம்பருக்குப் போன் செய்வேன். கலாவதி எடுத்தால் ஒன்றும் கேட்கமாட்டேன். வைத்துவிடுவேன்.

நஞ்சுண்டன்