அதே எலும்பு

ஜூன் 11, மதியம்
குகை வாசல்

பெருச்சாளிக்கு,

இந்தத் தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முக்குளிப்பவரிடம் கொடுக்கச் சொன்னார் மீட்புக் குழுத் தலைவர். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாமாம். உன்னைத் திட்ட ஒரு பக்கம் எப்படிப் போதும்?

முந்தாநாள் உன் கூட்டாளி மட்டும் வெளியே வந்து, நீ வழுக்கி விழுந்ததைச் சொன்னான். அடுத்த ஒரு மணி நேரத்தில் மழை. நடுவில் இருக்கும் தாழ்ந்த பாதை கூரைவரை நிரம்பிவிட்டது என்கிறார்கள். நீ அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்.

முழங்காலுக்குக் கீழே முறிவு என்றான். பாதம் சில்லென்று இருக்கிறதா? விரல் அசைகிறதா? உண்மையை எழுது. வீரம் வேண்டாம்.

அத்தையும் வந்திருக்கிறார். காரில் உட்காரச் சொன்னால் கேட்பதில்லை. "இவன் பந்து ஆடித் தொலைச்சிருக்கலாம்ல? அதுல விழுந்தா நாலு பேரு பாப்பாங்க" என்றார். உன் அம்மா சொன்னதை முதல்முறையாக ஒத்துக்கொண்டேன்.

கடுங்கோபத்தில்,
உன் பெண்டாட்டி


ஜூன் 11, மாலையாக இருக்கலாம்

அன்பு டாக்டரம்மாவுக்கு,

("டாக்டர் இல்ல, பிசியோ" என்று நீ திருத்துவது காதில் விழுகிறது.)

விரல்கள் அசைகின்றன. பெருவிரல் மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது. ஈரமில்லாத திட்டில் படுத்திருக்கிறேன். கம்பளி, வலி மாத்திரை, சாக்லேட், பேனா எல்லாம் முக்குளிப்பவர் கொண்டுவந்தார். நல்ல மனிதர். என் ஜோக்குக்குத்தான் சிரிப்பதில்லை.

பந்தாடுகிறவர்களின் முழங்கால்தான் நம் வீட்டு வாடகையே என்று அம்மாவிடம் சொல். ஆறு வருடத்தில் உன் மேசைக்கு ஒரு குகைக்காரனாவது வந்தானா? சமையலறைக் கதவில் ஒட்டிய ஆபத்துப் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? பாரசூட் முதலில். அப்புறம் பைக் பந்தயம், மலையேற்றம், கால்பந்து. குகை ஏழாவது. எழுதியது உன் கை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வழி சொல்கிறார்கள். நாளைக்கே முகமூடி மாட்டி என்னைத் தண்ணீருக்கடியில் இழுத்துப்போவது ஒன்று. பன்னிரண்டு நிமிடம். எனக்கு முக்குளித்துப் பழக்கமில்லை. இல்லாவிட்டால் மூன்று நாள் காத்திருப்பது. தண்ணீர் வடிந்தால் தூக்கிப்போய்விடலாம். முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள். இந்த இருட்டில் என்னால் எதையும் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

நீ சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன்
பெருச்சாளி


ஜூன் 12, காலை

என் பெருச்சாளிக்கு,

அந்தப் பட்டியல் தப்பு. என் மேசைக்கு வந்தவர்களின் காயத்தை வைத்து எழுதினேன். வராதவர்கள் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கோல்கீப்பர் வந்தார். உன்னுடைய அதே எலும்பு, அதே முறிவு. மைதானத்திலிருந்து இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. இப்போது நடக்கிறார். "மேடம், எப்ப ஆடலாம்?" என்று உயிரை வாங்குகிறார். உனக்கு இன்று நான்காம் நாள். இதை எந்தப் பட்டியலில், எந்த இடத்தில் எழுதுவது?

தலைவரிடம் கேட்டேன்.

"பழக்கமில்லாதவங்க தண்ணிக்கடியில பதறிடுவாங்கம்மா. பதறி முகமூடியப் பிடுங்கிட்டா அவ்வளவுதான்."

"அப்ப காத்திருக்கலாமா?"

"கால் தாங்கணும். வானமும் தாங்கணும்."

"நீங்க என்னதான் சொல்றீங்க?"

"ரெண்டையும் சொல்லிட்டேன்மா."

மூன்று நாளைக்கு மழை இல்லை என்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

இரு. காத்திரு.

உன் பெண்டாட்டி


ஜூன் 12

டாக்டரம்மாவுக்கு,

சரி, இருக்கிறேன்.

நீ சொன்னதும் பாரம் இறங்கியது. நன்றாகத் தூங்கினேன். பாறையில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் அதைவிட ஒரு விரல்கடை கீழே போயிருக்கிறது.

முக்குளிப்பவர் இதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். காலையில் திரும்புவார். அவரிடம் உன் கையால் இரண்டு வரி கொடுத்து அனுப்பு. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

உன்
பெருச்சாளி


ஜூன் 13, காலை

கேள்,

விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் சொன்னது தப்பு. காத்திருக்காதே. முக்குளிப்பவர் வந்ததும் முகமூடியை மாட்டிக்கொள். அவர் கையைப் பிடித்துக்கொள். கண்ணை மூடிக்கொள். பன்னிரண்டு நிமிடம்தான்.

வா.


ஜூன் 14

என் கண்ணுக்கு,

மழை விடவில்லை. குகை வாசலிலிருந்தே தண்ணீர் வெளியே வருகிறது.

நேற்றைய கடிதத்தைத் தலைவர் வாங்கி, மழைக்கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். "குடுத்துடுவீங்கல்ல?" என்றேன். "வேகம் குறையட்டும்மா" என்றார். முக்குளிப்பவர் இடுப்பில் கயிறு கட்டி இரண்டு தடவை இறங்கினார். இரண்டு தடவையும் தண்ணீர் அவரைத் திருப்பி அனுப்பியது. இப்போது வேனில் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தால் குனிந்துகொள்கிறார்.

அத்தை கேட்டார், "யாரும்மா அவன இருக்கச் சொன்னது?"

"நான்தான் அத்தை."

என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாக்லேட் மீதம் இருக்கிறதா? மேலே ஏற இடம் இருக்கிறதா? அந்தக் காலோடு எப்படி ஏறுவாய்? எழுத வேண்டாம். உன்னிடம் தாள் இருக்காது.

இன்று காலை தலைவர் உள்பையிலிருந்து பேனா எடுத்தார். நேற்றைய கடிதமும் கூடவே வெளியே வந்தது. அவசரமாக உள்ளே தள்ளினார். நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

இதையும் அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். கை நீட்டி வாங்கிக்கொள்வார். அவரால் முடிந்தது அது.

நான்