விலையில்லாச் சித்திரப் பெட்டி குறித்து மேல்கரைக்குப் போன ஓலை

ஆறு வற்றாதிருக்க. அடுப்பு அணையாதிருக்க. படிப்பவர் கண்ணும் கேட்பவர் செவியும் நலமாயிருக்க.

மருதவாயில் மாநகரில் வீற்றிருந்து நீர்மருத நாடு காக்கும் அரசியார் திருவாய்மொழிந்தபடி, பெருமந்திரி பூதி நங்கை எழுதுவித்த திருவோலை. மலைத்தேனும் மிளகும் விளையும் மேல்கரை நாட்டை உடையவரும், யானைப்படைக்குத் தலைவரும், அரசியாருக்குத் தம்பி முறையினருமான நாடாள்வார் கொற்றங்குமரனார் கண்டு தெளிக. தங்கள் நாட்டில் மழையும் மாடு கன்றும் பிள்ளை குட்டிகளும் நலமென்று நம்புகிறது இவ்விடம். இவ்விடத்தில் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. மனத்துக்குத்தான் நிம்மதியில்லை.

சென்ற திங்கள் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கடல்மேல் வணிகக் குழுவார் படகுத்துறைதோறும் நிறுத்திவரும் சித்திரப் பெட்டியைத் தாங்களும் கண்டு மகிழ்ந்ததாகவும், காசும் நெல்லும் கேளாமல் ஏழைக்கும் கதை காட்டுகிற அதனை மேல்கரை முழுவதும் நிறுத்த ஒப்புதல் தரலாகாதோ என்றும் அதில் கேட்டிருந்தீர்கள். நல்ல மனத்தோடு கேட்டீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வோலையின் ஏழாம் வரியில், முன்னும் பின்னும் ஒட்டாமல், "கரும்பனை எண்ணெய், தலைக்குக் குளிர்ச்சி, குலத்துக்கு வளர்ச்சி" என்று தங்கள் கைப்பட எழுதியிருந்தது. அரசியார் படித்துச் சிரித்தார். பெருமந்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. நாடாளும் ஒருவரின் எழுத்தாணிக்குள் எண்ணெய் வணிகர் எந்த வழியாகப் புகுந்தார் என்ற கேள்வி அன்று முதல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே, துறைக்கண்காணி சேந்தியார் அம்மைக்கு நேர்ந்ததைத் தாங்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்டருள்க. அவர் எழுதித் தந்த வாக்குமூலத்தில் உள்ள பேச்சு, பேசினபடியே இதில் வருகிறது. அரண்மனை நடைக்கு மாற்றினால் அதிலுள்ள உண்மையும் மாறிவிடும் என்று அஞ்சி அப்படியே விடப்பட்டது.

இரண்டாண்டுக்கு முன் கீழ்க்கரையின் நெடுந்துறையில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. ஆளுயரப் பெட்டி, மேல்பாதியில் சன்னல், அதற்குள் வர்ணத் துணிச்சுருள். கைப்பிடியைச் சுற்றினால் சித்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து கதையாகும். அதுவரை படச்சீலைக்காரருக்குப் படி நெல் அளந்து கதை பார்த்த சனங்கள், சும்மாவே கிடைக்கிறதென்றதும் கூடிவிட்டார்கள். மறு ஆண்டில் நாற்பது பெட்டிகள். இன்று கீழ்க்கரையில் பெட்டியில்லாத துறையில்லை. பழைய படச்சீலைக்காரர்களே இப்போது அவற்றின் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள்.

கதைக்கு நடுவே எண்ணெய், சேலை, மருந்து முதலிய சரக்குகளின் சித்திரம் வரும். அந்த இடைவெளிக்குப் பெட்டிக்காரர்கள் 'மூச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாண்டில் கதை முடிந்த பிறகே மூச்சு வந்தது. பிறகு கதை நடுவில் வந்தது. இப்போதோ, பார்க்கிறவர் தம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் சரியாக வருகிறது. இவ்வளவு சரியாக எப்படி வருகிறது என்று ஐயுற்றே அரசியார் சேந்தியாரை அனுப்பினார். பெட்டிகள் தலைநகருக்குள் வரலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் முத்திரையும் அவரிடமே தரப்பட்டது. வெற்றிலைகூடப் பிறர் தட்டில் எடுக்காதவர் அவர்.

அவருக்கு ஒரு மகள் உண்டு, பெயர் செவ்வந்தி. தாய் விரும்பாத படகோட்டியை மணந்து ஆறாண்டுக்கு முன் அவள் மேல்கரைக்குப் போனாள். படகேறும்போது சேந்தியார் கோபத்தில், "போறவ போ, திரும்பி மட்டும் பாக்காதே" என்று சொல்லிவிட்டார். அவளும் சொன்னபடியே, திரும்பிப் பாராமலே போனாள். அதன்பின் ஓலையுமில்லை, ஆளுமில்லை. இது நெடுந்துறையில் ஒருவருக்கும் தெரியாது.

உப்பு வாங்க வந்தவர்போல் சேந்தியார் சந்தைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். முதற் சந்தையில் ஏதோ ஒரு கதையில் ஒரு பெண் ஆற்றைக் கடந்தாள். அதைக் கண்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த சந்தையில் அந்தப் பெண்ணே கதையானாள். அதற்கடுத்த சந்தையில் கரையில் ஒரு தாயும் வந்து நின்றாள். நான்காம் சந்தையில் அந்தத் தாயின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. சேந்தியார் தம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சித்திரத்துப் படகு கரையை நெருங்கியது. முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பெண் கழுத்தைத் திருப்பத் தொடங்கினாள். உடனே மூச்சு. கரும்பனை எண்ணெய்.

"அட, இந்த எண்ணெய்க்காரன் தலையில இடி விழ!" என்று பக்கத்து மீன்காரி கத்தினாள். கத்தினவள் வீட்டிலும் அந்த எண்ணெய்தான் இருந்தது.

அவ்வேளையில் சந்தை ஆடு ஒன்று பெட்டியின் கீழ்ப்பாதியை மறைத்த துணியைக் கடித்து இழுத்தது. உள்ளே ஒரு பெண் மடங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணெதிரே சனங்களைப் பார்க்கும் துளை. மடியில் கத்தையாகக் கயிறுகள், பார்க்கிற ஆளுக்கொரு நிறம். சிரித்தால் ஒரு முடிச்சு, அழுதால் இரண்டு, எழுந்து போனால் அங்கே ஒரு வெட்டு. வாரந்தோறும் அக்கயிறுகள் படகில் குழுவாரின் சித்திரச் சாலைக்குப் போகும். அவற்றைப் பார்த்தே புதுத் துணி தீட்டப்பட்டு வரும். சனங்கள், "உள்ள நிழலா இருக்குன்னு ஒதுங்கிட்டியாடி?" என்று கேலி பேசிக் கலைந்தார்கள். சேந்தியார் மட்டும் நின்றார். அவளும் ஒளிக்காமல், "உங்க கயிறு இந்தச் செவப்புதான் ஆத்தா. இந்தத் துறையிலயே நீளம் இதுதான். நீங்க ஒரு தடவகூட எந்திரிச்சுப் போனதில்ல" என்றாள். அதைப் பெருமை என்று நினைத்தே சொன்னாளாம்.

அன்றே சேந்தியார் அரண்மனைக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. துணிக்குப் பின்னால் ஆளிருப்பதைத் தெரிந்துகொண்டே அடுத்த சந்தைக்கும் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். நாடாள்வாரே, தப்பென்று தெரிந்தும் கால் போகிற இடம் எல்லோருக்கும் ஒன்று உண்டு. அவரை இகழ வேண்டாம். இரு சந்தையிலும் அந்தப் பெண் கழுத்தைத் திருப்பத் தொடங்கினாள்; இரு முறையும் மூச்சு வந்தது, அதோடு சுருளும் முடிந்தது.

பெட்டிக்காரன் நல்லமன் பணிவாக வந்து நின்றான். "அம்மா யாருன்னு எங்களுக்குத் தெரியும். இங்க வெயில்ல எதுக்குக் கஷ்டப்படணும்? முத்திரைய வச்சுக் குடுத்தீங்கன்னா பெட்டி தலைநகருக்கே வந்துரும். மீதிக் கதைய உங்க வீட்டு வாசல்ல ஒக்காந்து பாக்கலாம்" என்றான்.

சேந்தியார் முத்திரையைக் கையில் எடுத்தார். இதை அவரே எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. அரக்கையும் உருக்கச் சொன்னார். உருகும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பொண்ணு திரும்புறாளே, மொகம் எப்படி இருக்கு? கோவமா இருக்காளா?"

நல்லமன் சிரித்துக்கொண்டே, "அது இன்னும் எழுதல அம்மா. உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி எழுதிக்கலாம்" என்றான்.

சேந்தியார் முத்திரையை மடியில் முடிந்துகொண்டார். "எனக்கு வேண்டிய மொகம் எனக்கே தெரியும். அது எனக்கு வேண்டாம்" என்றாராம். உருகிய அரக்கு அங்கேயே இறுகிப் போயிற்று. அன்றே வாக்குமூலம் எழுதி, ஆணை கடந்த நாட்களுக்குத் தம்மைத் தண்டிக்கும்படியும் கேட்டிருக்கிறார்.

ஆகையால் தங்களுக்கு இடும் ஆணையாவது: கதை பார்க்கும் சனங்களைத் தடுக்க வேண்டாம், உழைத்துக் களைத்தவர்கள், பார்க்கட்டும். ஆனால் கீழ்ப்பாதி மூடிய பெட்டி எதுவும் மேல்கரையில் நிற்கலாகாது. சுருள் முழுவதையும் ஊரார் முன் விரித்துக் காட்டிய பிறகே அது சுற்றப்பட வேண்டும். கயிறுகள் எங்கு அகப்பட்டாலும் எரித்துவிடுக. தங்கள் பெயருக்கும் ஒரு கயிறு இருக்கும். அதன் நிறம் என்னவென்று கேட்டறிந்து எழுதுக. அதுவரை தங்கள் ஓலைகள் இங்கே இருமுறை படிக்கப்படும், வருந்தற்க.

சேந்தியாருக்கு அரசியார் விதித்த தண்டம், இவ்வோலையைத் தாமே சுமந்து வந்து தங்களிடம் சேர்ப்பது. இதைக் கையில் தந்து நிற்பவர் அவரே. முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுங்கள். பின் செவ்வந்தி வாழும் ஊர் எதுவென்று விசாரித்து, வழியை மட்டும் சொல்லுங்கள். மகள் நலமா, மெலிந்தாளா, கோபம் தணிந்தாளா என்று ஒருவரும் முன்னே ஓடிப் பார்த்துவந்து சொல்லலாகாது. மகளுக்கும் தாய் வருகிறாள் என்று சொல்லலாகாது. துணையாள் வேண்டாம், ஒற்றனும் வேண்டாம், பெருமந்திரியின் ஒற்றரும் உட்பட.

பதினெட்டாம் ஆட்சியாண்டு ஆவணித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், ஓலை எழுதுவோன் பெருந்தேவன் எழுத, அரசியார் கண்டு, மருதப்பூ முத்திரை இடப்பட்டது. அந்த வீட்டுக் கதவை அவர் தட்டும்போது, ஒரு காதத் தொலைவுக்குள் எந்தத் துணிக்குப் பின்னாலும் ஒருவரும் உட்கார்ந்திருக்கலாகாது என்பது ஆணை.