தாரா என்று கூப்பிட்டேன்

மார்ச் 4, செவ்வாய். மூங்கில்துறைப்பட்டு

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். என்னைத் தவிர எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். இன்று நானும் சொன்னேன்: தாரா.

மாமனார் பேப்பரைக் கீழே போட்டார். "தாரான்னா வாத்து. என் பேத்தி இன்னா வாத்தா?"

நாத்தனார் அம்சவள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வடமொழியில நட்சத்திரங்க மாமா" என்றேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"இந்த வூட்ல தமிழ்ப் பேருதான். மலைக்காரிக்கு இன்னா தெரியும்?"

என் புருஷன் தமிழழகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையே நிமிரவில்லை.

மார்ச் 5

வயிற்றில் இருக்கும்போதே தேடித் தேடிப் படித்த பெயர். திபெத்தில் தாரா ஒரு தேவி. தவிப்பவர்களைக் கரை சேர்ப்பவள். அயர்லாந்தில் அது ஒரு மலை. பழைய அரசர்கள் அங்கேதான் பட்டம் ஏற்றார்களாம். மலை என்பதை மட்டும் இவர்களிடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் அது வசவு. கல்வராயன் மலைப் பெண்ணைக் காதலித்ததற்காக மகனை மன்னித்துவிட்டார்கள். என்னை இல்லை.

மார்ச் 7

அம்சவள்ளி குழந்தையை வாத்து, வாத்து என்றே கூப்பிடுகிறாள். அவள் வாய் அழுகிப் போக.

மார்ச் 9, ஞாயிறு

உறவெல்லாம் கூடியிருந்தது. என் அம்மாவுக்குச் சொல்லியனுப்பவே இல்லை. மாமனார் குழந்தையின் காதில் 'தமிழ்க்கொடி' என்று மூன்று முறை சொன்னார். எனக்கு என்ன வந்ததோ — குழந்தையை வாங்கி அதே காதில் 'தாரா' என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான்.

அறைந்தான். தமிழழகன். அத்தனை பேர் முன்னால. ஒருத்தராவது — ஒருத்தராவது ஏன்டான்னு கேக்கல.

"ரோஷம் இருந்தா உன் மலைக்கே போ" என்றார் மாமனார்.

இருந்தது. குழந்தையோடு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 10, வெள்ளிமலை

அம்மா என் கன்னத்தைப் பார்த்தாள். "ஒரு பேருக்காவா வந்துட்ட?"

பேருக்காகவா?

மார்ச் 22

போன் செய்தான். "அப்பா வெச்ச பேருக்கு ஒத்துக்க. வந்து கூட்டிக்கினு போறேன்."

"என்னை அறைஞ்சியே?"

"அதுவா இப்ப பெரிசு?"

வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

தடுப்பூசி. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அட்டை எழுதினார்.

"குழந்தை பேரு?"

"தாரா."

"இன்ஷியல்? அப்பா பேரு இன்னா?"

"எ-ன்னு போடுங்க."

"எ-ன்னா?"

"எழில்மதி. நான்தாங்க."

ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுதினார். ஊசி குத்தியதும் தாரா போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.