காணிக்கு நான்கு மூட்டை

ஆரணி,
திருவள்ளுவர் ஆண்டு 2009, மார்கழி 14

பஞ்சாப் எல்லைப் பாசறையில் காவல் நிற்கும் என் இளவல் தசரதனுக்கு, அண்ணன் சம்பந்தம் வாழ்த்துடன் வரைவது.

ஊரில் பனி கடுமை. வெயில் ஏறும்வரை தெருவில் பாவு விரிக்க இயலவில்லை. தறிகள் தாமதமாகவே ஓடுகின்றன. நேற்று மாலை கோட்டை மைதானப் பொதுக்கூட்டத்தில் பேசினேன். குளிரிலும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அத்தனை பேரைக் கட்டிப்போட்ட என் நா, உன் துணைவி ரேணுகாம்பாளிடம் தோற்றுவிட்டது. அதனால்தான் இம்மடல்.

சந்தவாசலில் நாம் குத்தகைக்கு எடுத்த காணி நிலத்தில் அவள் மீண்டும் பீன்ஸ் அவரை விதைத்திருக்கிறாள். சென்ற ஆண்டு நீ அங்குள்ள கோதுமை வயல்களைக் கண்டு வியந்து, இங்கும் காணிக்கு நான்கு மூட்டை கலப்பு உரம் இடுமாறு அவளுக்கு எழுதினாய். அவரை என்ன கோதுமையா, தசரதா? செடி கரும்பச்சையாய்த் தழைத்தது; இலை மண்டியது; காய் இல்லை. கடைசி மூன்று பாத்திகளுக்கு மட்டும் உரம் போதவில்லை. அந்த மூன்றில்தான் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது! வேளாண்மை அலுவலரிடம் ஒரு செடியை வேரோடு கொண்டுபோய்க் காட்டினேன். தழைச்சத்து மிகுந்தால் செடி இலையோடு நின்றுவிடும், காணிக்கு ஒன்றரை மூட்டையே போதும் என்றார்.

இதை அவளிடம் முழங்கினேன். களைக்கொட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்: “மேடையில பேசனா கை தட்டுவாங்க மாமா, கொல்லியில யாரு தட்டுவா? நீங்க எப்பனா மம்முட்டி புடிச்சிக்கீறீங்களா?”

காய்த்த பாத்திகளைச் சுட்டினேன். “அது கால்வா ஓரம். தண்ணி பாஞ்சிகினே இருந்திச்சி, காய்ச்சிது. மூட்டை ஒண்ணு கொறைச்சி வாங்கிட்டேன், அவுரு சொன்ன அளவு நான் போடல. அதான் மத்ததெல்லாம் வெறுஞ்செடியா போச்சி. இந்த தபா ஒரு பிடி கொறைக்கமாட்டேன்” என்றாள்.

நான்கு மூட்டையும் வாங்கி அடுக்கிவிட்டாள். இம்முறையும் விளைச்சல் பொய்த்தால் குத்தகையை முறித்துக்கொள்வதாக நிலத்துக்குரிய குப்புராஜ் சொல்லிவிட்டார். நான் மன்றாடியபின் பொங்கல்வரை பொறுக்க ஒப்பினாள். “அவுரு கடுதாசி வந்தா பாக்கலாம். வரலன்னா பொங்க மறுநாளு தூவிடுவேன், அப்புறம் என்னாண்ட ஒண்ணும் பேசாதீங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அவள்மேல் சினம் வந்தது. வீடு திரும்பும் பேருந்தில் தணிந்தது. உன் பணவிடை மாதந்தோறும் தவறாமல் வருகிறது; செய்தி எழுதும் துண்டு வெறுமையாகவே வருகிறது. ஓராண்டுக்கு மேலாக அவளுக்கு நீ எழுதியது அந்த ஒரு மடல். அதில் இருந்ததும் உரம் மட்டுமே. அதில் ஒரு பிடியைக் குறை என்று நான் சொன்னால் அவள் எப்படி இசைவாள்?

எனக்கு மறுமொழி வேண்டா. அவளுக்கு எழுது, உன் கையால், பொங்கலுக்குள் சேருமாறு எழுது. ஒன்றரை மூட்டை போதும் என்று எழுது. விடுப்பில் எப்போது வருகிறாய் என்பதையும் எழுது, தம்பி. அதை அவள் ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை.

எல்லையில் நீ நலமாய் இரு.

உன் அண்ணன்,
சம்பந்தம்