பதினேழாவது முளை

மார்ச் 3, செவ்வாய்

கடைத்தெருவின் கிழக்குப் பக்கமாக நான் நடப்பதில்லை என்பது உண்மை. அதற்கு என் திமிர்தான் காரணம் என்பது பொய். எனக்குத் திமிர் உண்டு. அதை நான் என்றும் மறுத்ததில்லை. ஆனால் இதற்கு அது காரணம் இல்லை.

இன்று மருமகள் கடைக்குப் போய்விட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தாள். "அத்தை, குழாய்த் தண்ணி ஊருக்குள்ள வரவிடாம நீங்கதான் தடுக்கிறீங்களாம். நம்ம வீட்டுல கிணறு இருக்காம், அடுத்தவன் தாகம் உங்களுக்குத் தெரியலையாம். ஜவுளிக்கடையில இதே பேச்சு." அதோடு, தெருவுக்கு அடியில் பேய் இருக்கிறது என்று எஞ்சினியரிடம் சொல்லி அனுப்பினேனாம்.

"நீ என்ன சொன்னே?"

"பேய் அடியில இல்ல, வீட்டுலதான் இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிரிக்காமல் சொன்னாள். இவளை எனக்குப் பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இங்கேயாவது சரியாக எழுதி வைக்கிறேன். எங்கள் கிணறு ஏப்ரலில் வற்றிவிடும். பேய் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. கான்வென்டில் அந்தச் சொல்லுக்கு அரை மணி நேரம் முட்டி போட வேண்டும். நான் சொல்லி அனுப்பியது இதுதான்: தெருவுக்கு அடியில் ஆட்கள் இருக்கிறார்கள். இருபத்து மூன்று பேர். பதினேழாவது என் மகள்.

மார்ச் 5, வியாழன்

ஒழுங்காக, முதலிலிருந்து எழுதுகிறேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் இங்கே ஊர் இல்லை. தண்டவாளம் இந்த இடம் வரை வந்து நின்றிருந்தது. அதற்கு அப்பால் முள்ளும் மேடும். கூலியாட்களின் கூடாரங்கள், ஸ்லீப்பர் கட்டைகளின் குவியல், லைன் இன்ஸ்பெக்டரான என் கணவருக்கு ஒரு பெரிய கூடாரம். நானும் குழந்தையும் அதில் இருந்தோம். மழையோடு வாந்திபேதி வந்தது. பத்தொன்பது நாட்களில் இருபத்து மூன்று பேர். என் மகளுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும்.

என் கணவருக்குக் கோணல் ஆகாது. சாப்பாட்டு மேசையில் கரண்டி சாய்ந்திருந்தால்கூட நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். இறந்தவர்களையும் ஒரே நேர்வரிசையில் புதைத்தார். குறிக்க வேறு எதுவும் கையில் இல்லை. சர்வேக்கு வந்திருந்த முளைக்குச்சிகளையே எடுத்து, வெள்ளை அடித்து, கறுப்பில் எண் போட்டு, ஒவ்வொருவர் தலைமாட்டிலும் அடித்தார். எண், பெயர், வயது மூன்றையும் நான் ஒரு நோட்டில் எழுதினேன். தலைப்பு எழுதப் போனபோது தடுத்தார்.

"வேண்டாம். ஆளுங்க பார்த்தா மொத்தமா ஓடிடுவாங்க. பேரை மட்டும் எழுது."

பேரை மட்டும் எழுதினேன். இறந்தவர்கள் என்ற சொல் அந்த நோட்டில் எங்கும் இல்லை.

பிறகு வேலை முன்னே நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். நான்கு மாதம் கழித்துத் திரும்பினால் இங்கே கடைகளுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நிலம் அளக்க வந்தவர் வெள்ளை முளைகளைப் பார்த்து, யாரோ ஏற்கெனவே சர்வே முடித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். முதல் முளைக்கும் கடைசி முளைக்கும் கயிறு கட்டி, அதையே இரண்டு பக்கமும் நீட்டித் தெருவைப் போட்டுவிட்டார். கிழக்குப் பக்கக் கடைகளின் வாசல்களெல்லாம் அந்தக் கயிற்றில் நிற்கின்றன.

என் கணவருக்குப் பார்த்தவுடன் புரிந்தது. எனக்கும்தான். "சர்வே முளையை வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாதுன்னு விதி. என் வேலை போயிடும்," என்றார். பிறகு, "போனவங்களுக்கு இனிமே என்ன?" என்றார்.

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. ஊரின் முதல் ஓட்டு வீடு எங்களுக்குக் கிடைத்தது. அதில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

எஞ்சினியர் அலுவலகத்துக்குப் போனேன். இளைஞர். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை. ஊரில் அவருக்குக் குடை என்றே பெயர். என் முன்னால் எழுந்து நின்றார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

மேசையில் வரைபடம். இன்ஜின் ஷெட்டிலிருந்து கடைத்தெரு வழியாகக் குழாய். கிழக்கு ஓரமாகவே பள்ளம், நான்கடி ஆழம். புதைத்தபோது அந்த மழையில் எங்கள் ஆட்களால் மூன்றடிக்கு மேல் தோண்ட முடியவில்லை. ஊறிக்கொண்டே இருந்தது.

என் கோரிக்கையைத் தெளிவாகச் சொன்னேன். குழாயைத் தடுக்கவில்லை. சைக்கிள் கடைக்கு முன்னாலும் அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமுமாக நூற்று நாற்பதடி நீளத்துக்கு மட்டும் கையால், மெதுவாகத் தோண்ட வேண்டும். கிடைப்பதைத் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில் சேர்க்க வேண்டும். என் கணவரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறது. அவர் பக்கத்தில் எனக்கு இடம் குறித்திருக்கிறது. அளக்கும்போதே நடுவில் மூன்றடி விட்டுத்தான் அளக்கச் சொன்னேன். எதற்கென்று அளந்தவர் கேட்டார்.

நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது வேலையாளுங்க பட்டியல் மாதிரியில்ல இருக்கு?"

"பதினேழாம் எண்ணைப் பாருங்க. மூணு வயசுன்னு போட்டிருக்கு. மூணு வயசுல யாராவது ஸ்லீப்பர் தூக்குவாங்களா?"

அவர் முகம் மாறியது. ஆனால், "மேலிடத்துக்கு ஒரு சாட்சியாவது வேணும்மா," என்றார்.

சாட்சி இருக்கிறார். வடக்குக் கேபினில் வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அன்று குழி வெட்டியவர்களில் உயிரோடு மிச்சம் அவர் ஒருவர்தான்.

மார்ச் 12, வியாழன்

ஜவுளிக்கடைக்காரர் இரண்டு பேரோடு வந்தார். ஊருக்கு இருபத்தைந்து வருடம் முடிந்த விழாவாம். குழாய்த் திறப்பும் அன்றே. கடைத்தெரு முனையில் என் கணவர் பெயரில் ஒரு கல் நடப் போகிறார்கள்.

"நூல் புடிச்ச மாதிரி தெரு போட்டுக் குடுத்த மகராசன்மா. அம்மா கையால முதல் குழாயைத் திறந்து வைக்கணும்."

அந்தத் தெருவை அவர் போடவில்லை என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டார். மருமகள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "கிணத்துத் தண்ணியே இப்படி இருந்தா குழாய் எதுக்கு!" என்றார். அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்.

மார்ச் 14, சனி

மகனிடம் சொன்னேன். அவன் இங்கே உதவி ஸ்டேஷன் மாஸ்டர். வயது இருபத்து நான்கு. அக்கா ஒருத்தி கூடாரத்தில் இறந்தாள் என்று மட்டும் தெரியும். எங்கே என்று அவன் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

டூட்டி முடிந்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. 

"அப்போ நான் தினம் அவ மேல நடந்துதான் பள்ளிக்கூடம் போனேனா?"

"ஆறு வயசு வரைக்கும் நான் உன் கையைப் புடிச்சு மேற்குப் பக்கமாத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"அதுக்கப்புறம்?"

அதற்குப் பிறகு தனியாகப் போனான். கிழக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது. எல்லாக் குழந்தைகளும் அந்தப் பக்கம்தான் போவார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

குடை எஞ்சினியர் அறையில் விசாரணை. பாயிண்ட்ஸ்மேன் வந்தார். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அன்று என் கூடாரத்து வாசலில், சிறிய குழியை வெட்டிவிட்டு வந்து, மழையில் மண்வெட்டியோடு நின்றவர். அளவு தெரியாமல் பெரிதாக வெட்டிவிட்டேன் என்று அழுதவர்.

"பெரியவரே, அந்தத் தெருவுல யாரையாவது புதைச்சீங்களா?"

"அது... ரொம்ப நாளாச்சுங்க."

"ஞாபகம் இருக்கா, இல்லையா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லீங்க."

வெளியே வந்ததும் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக நான் பிடிக்க விடமாட்டேன். பாயிண்ட்ஸ்மேனின் மாப்பிள்ளையை ஷெட்டில் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். வாசலில் இருந்த பியூனிடம் அதற்குள் கேட்டு வைத்திருக்கிறாள். "வெக்கமில்லாத மனுஷன்," என்றாள். அவளை அடக்கினேன். நான் எந்த முகத்தோடு அவரைக் குறை சொல்வது? ஒரு ஓட்டு வீட்டுக்காக நான் செய்ததும் இதைத்தான். அவர் கடிகாரத்தையாவது பார்த்தார்.

எஞ்சினியர் பின்னாலேயே வந்து ஒன்று சொன்னார்: "அந்த இடத்துக்கு வேலை வர்றது இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை. நீங்க வந்து பக்கத்துல நில்லுங்கம்மா. ஏதாவது தெரிஞ்சா நான் நிறுத்துறேன்."

சாட்சி இல்லாமலே இவ்வளவு சொன்னார். நம்பினேன்.

மார்ச் 19, வியாழன்

பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார நாற்காலியை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்தாயிற்று. பெட்டியிலிருந்து வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றரை கஜம் எடுத்தேன். கத்தரிக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 22, ஞாயிறு

தோண்டிவிட்டார்கள்.

மார்ச் 23, திங்கள்

நேற்றுக் காலை நான் தேவாலயத்தில் இருந்தேன். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், கூட்டம் இருக்காது, விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தந்தி வந்ததாம். குடை எஞ்சினியர் ஊரில் இல்லை. நான் திரும்பி வரும்போது சைக்கிள் கடைக்கு முன்னால் குழாய் இறக்கி, மேலே சரளை கொட்டியிருந்தது. புது மண் வாசனை.

நான் முதல் முறையாகக் கிழக்குப் பக்கம் போய் நின்றேன்.  சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்து, "உக்காருங்கம்மா," என்று ஒரு பலகையைப் போட்டார். உட்காரவில்லை.

தோண்டிய மண் எங்கே? தெரு ஓரத்தில் ஒரு கூடைகூட இல்லை. எங்கேதான் போயிற்று?

மார்ச் 24, செவ்வாய்

மகன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நானே கேட்டேன்.

"மண்ணு எதுல போச்சு?"

"மண் ஏத்துற ரயில் வண்டியில."

"எத்தனை?"

"மூணு தடவை."

"ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன்ல யாரு டூட்டி?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். மருமகள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"வண்டி கிளம்ப நான் லைன் கிளியர் குடுக்கலைன்னா வேற யாராவது குடுத்திருப்பாங்கம்மா. ஆர்டர் வந்தாச்சு. நான் என்ன பண்றது? எனக்கு டூட்டிம்மா."

குரல் அப்படியே அவன் அப்பா குரல். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் எனக்கு நல்ல பழக்கம்.

மண் கிழக்கே, பெரிய பாலத்துக்குப் போகும் தண்டவாளத்தின் கரையை அகலப்படுத்தப் போயிருக்கிறது. எந்த இடம் என்று கேட்டேன். "ஒன்பதாம் மைலுக்கும் பன்னிரண்டாம் மைலுக்கும் நடுவுல எங்கேயோ. சிக்னலைத் தாண்டிட்டா எனக்குத் தெரியாதும்மா."

மூன்று மைல்.

மார்ச் 27, வெள்ளி

காலையில் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு பாயிண்ட்ஸ்மேன் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"இருந்துச்சும்மா," என்றார். "நான் பக்கத்துலதான் நின்னேன். வரிசையா இருந்துச்சு. ஆளுங்க நிறுத்தினாங்க. மேஸ்திரி, ஆடு மாடா இருக்கும், அள்ளுங்கடான்னுட்டான்."

"பதினேழு?"

தலையாட்டினார். "சின்னதா... அந்தக் குழிதான் எனக்குத் தெரியுமே, நான் பெருசா வெட்டினது."

"எந்த வண்டியில போச்சு?"

"ரெண்டாவது வண்டி. பாயிண்ட் போட்டது நான்தான்." பிறகு, "என்னை ரெண்டு வார்த்தை திட்டுங்கம்மா," என்றார்.

திட்டவில்லை. மருமகளிடம் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். டம்ளரை நங்கென்று வைத்தாள்.

ஏப்ரல் 4, சனி

விழா. நான் போகவில்லை. கல்லை நட்டுவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரரே குழாயைத் திறந்தார். மருமகள் ஒரு குடம் பிடித்து வந்து வைத்தாள். தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். எங்கள் கிணறு நேற்றோடு வற்றிவிட்டது. வேறு வழியில்லை, குடித்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் நோட்டை எடுத்து, முதல் பக்கத்தின் மேலே, இடம் விட்டிருந்த அதே வரியில், "இறந்தவர்கள்" என்று எழுதினேன். புது மை பழைய மையோடு சேரவில்லை. இனி இந்த நோட்டு யாருக்கும் சான்று ஆகாது. பரவாயில்லை.

வெள்ளைத் துணியை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தேன்.

பிறகு எஞ்சினியருக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

ஐயா,

மார்ச் 22, ஞாயிறன்று கடைத்தெருவில் தோண்டிய மண் மூன்று வண்டிகளில் கிழக்கே சென்றது. யார் மீதும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முதல் குற்றம் என் வீட்டில் நடந்தது. அதற்கு நானும் உடன்பட்டேன்.

இரண்டாவது வண்டியின் மண் எத்தனையாவது மைலில் கொட்டப்பட்டது, தண்டவாளத்துக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கரை வழியாக வாரம் இரண்டு பயணிகள் வண்டி போகிறது. எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்பவும்.