மூன்று பந்துகளையும் ஏற்றினேன்

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து என் அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள். யாரிடமும் காட்டாதீர்கள். இது என் அம்மாவுக்கு எழுதுவது. நாளையோடு அவள் இறந்து ஒரு வருடம்.

அம்மா, படையலுக்குப் பாத்திரம் தேடியபோது பரணில் உன் மூச்சுப் பயிற்சிக் கருவி கிடைத்தது. மூன்று அறை, மூன்று பந்து. குழாயில் இன்னும் டெட்டால் வாசனை.

அது கொரோனா காலம். நான் ஆறாவது படித்தேன். உன் நுரையீரல் புற்றுநோய்க்கு சேலத்தில் ஆபரேஷன் நாள் குறித்திருந்தார்கள். அதுவரை நீ தனியாக இருக்க வேண்டும், தினமும் குழாயை உறிஞ்சிப் பந்துகளை ஏற்ற வேண்டும். கரியாலூர் வீட்டின் உள்ளறையில் நீ, வெளியே நாங்கள். உனக்கு இரண்டு பந்துக்கு மேல் ஏறவில்லை. நீ குளிக்கப் போன ஒரு மத்தியானம் நான் உள்ளே வந்து, குழாயில் வாய் வைத்து உறிஞ்சினேன். மூன்றும் ஏறின. துடைக்காமல் வைத்துவிட்டேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த பரிசோதனையில் உனக்குத் தொற்று இருந்தது. இந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் நீ பிழைப்பது கஷ்டம், ஆபரேஷன் செய்கிறவர்களுக்கும் பரவும் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். இரண்டு மாதம் தள்ளிப்போனது. கட்டி வளர்ந்துவிட்டது. பிறகு நல்லபடியாகத்தான் செய்தார்கள். உடம்பு முழுக்க மூடி வந்த டாக்டர்கள், ஆள் அடையாளம் தெரிய மார்பில் பெயர் எழுதியிருந்தார்களாம். "சீர்ப் பாத்திரம் மாதிரி எல்லார் மேலயும் பேரு" என்று சிரித்தாய். ஆனாலும் நோய் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோனது.

தொற்றைக் கொண்டுவந்த பழியை அப்பா சித்தப்பா மேல் போட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து மாத்திரை வாங்கி வந்து, ஜன்னலோரம் நின்று உன்னோடு பேசியவர் அவர்தானே. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

ஒருமுறை உன்னிடம் சொல்ல வந்தேன். நீ எனக்குத் தலை பின்னிக்கொண்டே, "அத வுடு பாப்பா" என்றாய். எதை என்று நான் கேட்கவில்லை.

நாளை காலை பஸ்ஸில் உன் படையலுக்குச் சித்தப்பா வருகிறார். "அவன் வூட்டுக்குள்ள கால் வச்சா நான் எழுந்து போய்டுவேன். உங்கம்மாவ கொன்னவன் அவன்" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன்.

தொற்று யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது அந்தக் குழாயும் அந்தக் காய்ச்சலும்தான். அந்த வார்த்தையை அப்பா என்னைப் பார்த்துச் சொன்னால் நான் எங்கே போவேன்? ஆனால் நான்கு வருடமாக அந்தப் பழியைச் சித்தப்பா சுமக்கிறார். காலையில் பஸ் வருமுன் நானே அப்பாவிடம் சொல்லி

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"இன்னா பாப்பா, தூங்கலியா?"

காலை வரை வேண்டாம், அம்மா. இப்போதே எழுந்து