பன்னிரண்டு ஸ்கேல்

ஞாயிறு, இரவு.

ஆண்டவரே, ஸ்தோத்திரம். இன்று சபையில் ஐந்நூறு பேர் முன்னால் கீபோர்டு வாசித்தேன். நீர் பார்த்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன், நூறு பேர்.

இரண்டாவது பாட்டில் சுருதி மாற்றும் பட்டன் வேலை செய்யவில்லை. பாட்டு எஃப் ஸ்கேல். எனக்கு விரல் ஓடுவது சி ஸ்கேலில் மட்டும். மற்றதையெல்லாம் இருபது வருடமாக அந்தப் பட்டன்தான் பார்த்துக்கொள்கிறது. இது வெளியே தெரிந்தால் என் கே.கே. நகர் வகுப்புக்கு யார் வருவார்கள்? வேறு வழியில்லாமல் சி-யிலேயே தொடங்கினேன். பாட்டை நடத்தும் ஸ்டெல்லா டீச்சர், என்னிடமே கீபோர்டு படிப்பவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தச் சுருதிக்கே இறங்கிப் பாடினாள். சபையும் பின்னாலேயே இறங்கி வந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள். "பட்டன் படுத்துருச்சாண்ணே?"

"எந்தப் பட்டன்மா?"

"சும்மா இருங்கண்ணே. ஒங்களுக்கு சி மட்டுந்தான் வரும்னு மொத வாரமே தெரியும்."

"பெறகு எதுக்குப் படிக்க வார?"

"எங்கப்பா அடக்கத்துல அந்த ஒத்த ஸ்கேல்லதான வாசிச்சீக. அம்புட்டு ஆறுதலா இருந்துச்சு. ஆனா வாசல் போர்டுல 'பன்னிரண்டு ஸ்கேலும் கற்றுத் தரப்படும்'னு இருக்கே, அத மட்டும் அழிச்சுருங்க."

அழிக்க மனம் வரவில்லை. எஃப் ஸ்கேலில் ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான். எனக்காகவே எளிதாக வைத்திருக்கிறீர். காலையில் தொடங்குகிறேன். அதுவரை போர்டைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.